உங்கப்பாகிட்டச் சொல்லு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டே சம்பாதித்தவர். அந்தத் தொழிலே அப்படி. காலையில் முதல் ஆளாக வருகிறவர், கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விடுவார். அடுத்து வருகிற அம்மா, இடப்பக்கம் திருப்பச் சொன்னால் தலையை மட்டும் திருப்புவாள். எதிரே லாரி வருவதைப் பார்த்து இவருக்குக் குலை நடுங்கும். ஓட்டுகிறவரோ கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருப்பார். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் தயவில்தான் அவரும் அவரிடம் படித்தவர்களும் கைகால் முழுசாக இருக்கிறார்கள். வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, காரில் இல்லாதபோதும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. பிடிக்காத பேச்சை யாராவது எடுத்தால் தரையை ஓங்கி மிதிப்பார். பேச்சு நிற்காது. கீழ்வீட்டுக்காரர்தான் என்ன விஷயம் என்று மாடியேறி வந்து கேட்பார்.

அவர் மனைவிக்கு மின்சாரப் புகார்களைப் போனில் வாங்கும் அலுவலகத்தில் வேலை. கரண்ட் போய்ப் புழுங்கிக்கொண்டிருக்கிறவன் போனில் என்ன பேசுவான் என்று சொல்லத் தேவையில்லை. அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு, "உங்க சிரமம் புரியுது சார், ஆள் அனுப்பியிருக்கோம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று பதமாகச் சொல்வாள். திட்டியவனே கடைசியில் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பான்.

ஊருக்கெல்லாம் பேசிப் பேசித் தொண்டை வறண்ட இந்த இரண்டு பேரும், வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று மாஸ்டருக்கு ஒரு ஆசை வந்தது. கட்டியவளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கப் போகக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இருந்தும் உட்கார்ந்துவிட்டார். பின்சீட்டில் தங்கள் முறைக்காக இரண்டு இளவட்டங்கள். நாற்சந்தியில் வண்டி நின்றுபோயிற்று. கிளப்பினாள், மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் அலறியது. மாஸ்டர், "மாட்டைக்கூடப் பழக்கிடலாம், உன்னைப் பழக்க முடியாது, இறங்கு" என்றார். பின்சீட்டில் சிரித்தார்கள். அவள் சாவியை உருவி அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். அத்தனை வண்டிகளுக்கும் நடுவே நடந்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாலு நாளில் கோபம் தீரும் என்று மாஸ்டர் இருந்தார். தீரவில்லை. முதலில் அவள் பேசவில்லை. அவளே பேசாதபோது நான் மட்டும் ஏன் பேச வேண்டும் என்று பிறகு இவரும் பேசவில்லை. அப்புறம் அதுவே பழகிவிட்டது. ஒருவர் இருக்கிற அறையில் மற்றவர் தங்குவதில்லை. அவர் ஹாலில் என்றால் அவள் சமையலறையில். அவள் ஹாலுக்கு வந்தால் அவர் பால்கனிக்கு. ஆனால் குடும்பம் என்று ஒன்று இருந்தால் கேஸ் தீர்ந்துபோகும், மோட்டார் ரிப்பேராகும், சொந்தக்காரர்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பேச்சு போய்வந்துதானே ஆக வேண்டும். அதற்குப் பாப்பா இருந்தாள்.

பாப்பா அவர்களுடைய ஒரே மகள். அவர்கள் பேச்சை நிறுத்தியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பத்தொன்பது ஆன பிறகும் பாப்பாதான்.

"உங்கப்பாகிட்டச் சொல்லு, கேஸ் தீரப்போகுது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பாப்பா படிக்கிற புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போவாள். "உங்கம்மாகிட்டச் சொல்லு, நாளைக்கு நான் வரத் தாமதமாகும்" என்று அங்கிருந்து பதில் கிளம்பும். பாப்பா திரும்பி வருவாள். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, "பாப்பா" என்று ஒரு குரல் வந்தால் எழுந்து வந்தாக வேண்டும். வந்தாள். முகம் சுளித்ததில்லை. ஒன்றை மறந்ததில்லை. எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டதும் இல்லை.

வந்துபோகிற சொந்தக்காரர்கள் எல்லாம், "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், தொந்தரவே இல்ல" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். மாஸ்டருக்குப் பெருமை தாங்காது. ஒன்றுமே கேட்காத பிள்ளையைப் பார்த்தால் பெற்றவர்களுக்குப் பயம் வர வேண்டும். எங்கே வருகிறது?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மனைவிமேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், உள்ளுக்குள் அவளுக்குத் தன்மேல் ஒட்டுதல் இருக்கிறது என்று மாஸ்டர் நம்பினார். போன வருஷம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் கிடந்தபோது, பாப்பா ஒரு தைலப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு நாள் படுத்து எழுந்திருக்கச் சொல்றாங்க, வண்டி எங்கயும் ஓடிப்போயிடாதுன்னு சொன்னாங்க" என்றாள். மாஸ்டர் உர்ரென்றுதான் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் புட்டி காலியான பிறகும் அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. காரின் முன்பெட்டியில் கிடந்தது.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பாப்பா படுத்தாள்.

முதலில் தலைவலி என்றாள். அப்புறம் அதையும் சொல்லவில்லை. காலையில் எழ மாட்டேன் என்கிறாள், எழுந்தால் குளிக்க மாட்டேன் என்கிறாள். கல்லூரியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. கூடப் படிக்கிற பெண்கள் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார்கள்; அவர்களிடமும் தலையணையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. தட்டில் வைத்த சாப்பாடு வைத்தபடி காய்ந்தது. ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்குகிறாளா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

மாஸ்டருக்கு இது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, காதல் கீதல் என்று ஒரு வம்பும் இல்லை. கேட்டுப் பார்த்தார், கத்திப் பார்த்தார், போர்வையை உருவிப் பார்த்தார்.

"என்னதான் வேணும் உனக்கு? சோறு இல்லையா, துணி இல்லையா? என்ன குறை வச்சோம்? வாயைத் திறந்து சொல்லேன். நானெல்லாம் உன் வயசுல லாரிக்கு அடியில படுத்து கிரீஸ் அடிச்சவன். படுத்துக்கிட்டே இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

பாப்பா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பூட்டிய கடையைப் பார்ப்பது போல அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், பாப்பா படுத்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் நிற்க வேண்டியதாயிற்று. கட்டிலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள்.

"பாப்பா, உங்கப்பாகிட்டச் சொல்லு, கத்தினா ஒண்ணும் ஆகாது."

"பாப்பா, உங்கம்மாகிட்டச் சொல்லு, அவ தாங்கித் தாங்கித்தான் நீ இப்படிக் கிடக்கறே."

"உங்கப்பாகிட்டச் சொல்லு, தாங்கறதுக்கு எனக்கு நேரம் இருந்ததில்ல."

நடுவில் கிடந்தவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லையே என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு கட்டில் அகலம்தான். இவர் சொன்னது அவள் காதில் விழுந்தாயிற்று, அவள் சொன்னது இவர் காதில் விழுந்தாயிற்று. ஆனாலும் நின்றார்கள். இந்தக் கூத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றாது?

அப்போது மாஸ்டரிடம் ஒரு பல் டாக்டர் வண்டி கற்றுக்கொண்டிருந்தார். ஊரார் வாய்க்குள் ஊசியைப் பிசகாமல் இறக்குகிறவருக்கு ரிவர்ஸ் மட்டும் வரவே வராது. ஒரு நாள் அவர் பின்னால் போகிறேன் என்று முன்னால் போய் மதிலை உரசப் பார்த்தார். மாஸ்டர் பிரேக்கை மிதித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டு ரிவர்ஸில் ஆரம்பித்து எப்படியோ மகளிடம் போய் முடிந்தது. சோம்பேறி, திமிர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரியாது என்று எல்லாம் வந்தது. பல் டாக்டர் இன்ஜினை அணைத்துவிட்டு, எத்தனை வாரமாக இப்படி, சாப்பிடுகிறாளா, இளைத்துவிட்டாளா, முன்பு பிடித்தது எதுவாவது இப்போது பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மாஸ்டர், நீங்க சொல்றது சோம்பேறித்தனம் மாதிரி தெரியல. மனச்சோர்வு மாதிரி இருக்கு. அது ஒரு நோய். திட்டினா போகாது. என்கூட ஸ்கூல்ல படிச்சவங்க ஒருத்தங்க மனநல டாக்டரா இருக்காங்க. இன்னைக்கே போன் பண்றேன், கூட்டிட்டுப் போங்க."

"மனநலமா? என் பொண்ணு என்ன பைத்தியமா?"

"பல்லு வலிச்சா என்கிட்ட வருவீங்கல்ல? அப்ப நான் பைத்தியம்னு சொன்னேனா?"

மாஸ்டர் ரிவர்ஸ் போடச் சொன்னார்.

மனநல டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவர் அறையில் மூன்று நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு ஓரத்தில் மாஸ்டர், மறு ஓரத்தில் மனைவி, நடுவில் பாப்பா. யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

"ராத்திரி தூங்கறாளா?" என்று டாக்டர் கேட்டார்.

மாஸ்டர் மகள் பக்கம் திரும்பி, "உங்கம்மாவைச் சொல்லச் சொல்லு" என்றார்.

மனைவி மகள் பக்கம் திரும்பி, "உங்கப்பாதான் ஹால்ல படுக்கறாரு, அவருக்குத்தான் தெரியும்னு சொல்லு" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மூன்று முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பாப்பாவிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

பாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அம்மாவுக்கு வேலைக்கு லேட்டாகுது" என்றாள். பிறகு, "அப்பாவுக்கு இப்படி உக்காந்தா முதுகு வலிக்கும்" என்றாள்.

"அது அவங்களுக்கு. உனக்கு?"

பாப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மாஸ்டருக்கு எரிச்சல் பொங்கியது. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்ல மாட்டாளா, இவ்வளவு தூரம் வந்தது எதற்கு என்று தரையை மிதித்தார்.

டாக்டர் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு மகளோடு பேசினார். நிறைய நேரம் ஆயிற்று. பிறகு மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு இவர்களைக் கூப்பிட்டார்.

"இது மனச்சோர்வுதான். மாத்திரை குடுக்கறேன். அது வேலை செய்யவே சில வாரம் ஆகும், அவசரப்படாதீங்க. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க. இப்பத்திக்குத் தனியா விடாதீங்க." அவர் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தூங்கினா எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு அவளுக்குச் சில நாள் தோணியிருக்கு. இதை உங்ககிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். சொல்லுங்கன்னா."

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை. அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"எங்களாலயா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். புகார் அலுவலகத்துக் குரல் இல்லை அது.

"யாரால வந்ததுன்னு தேட ஆரம்பிச்சா அதுக்கு முடிவே இல்லம்மா. உடம்பு, சுபாவம், படிப்புன்னு பல காரணம் சேர்ந்து வரும். ஆனா அவ மேல ஒரு பாரம் இருக்கு, அதை இறக்கறது உங்க கையிலதான் இருக்கு. ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி அது அம்மாவுக்கு எப்படிப் போகும், அப்பாவுக்கு எப்படிப் போகும்னு யோசிச்சு யோசிச்சு, இப்ப வார்த்தையே வரலைன்னு சொல்றா. இனிமே அவ மூலமா ஒரு பேச்சும் போகக் கூடாது. நல்ல பேச்சோ கெட்ட பேச்சோ, நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கங்க."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது சுலபம்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது திண்டாட்டம். மகளிடம் சொல்லக் கூடாது, சரி. நேரில் எப்படிச் சொல்வது? மாஸ்டருக்கு முதலில் கூப்பிடவே வரவில்லை. முன்பெல்லாம் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார்; 'இந்தா' என்பதா 'ஏய்' என்பதா என்று நினைவில்லை. கடைசியில் ஹாலில் நின்று மின்விசிறியைப் பார்த்து, "மத்தியான மாத்திரை குடுத்தாச்சான்னு தெரியல" என்றார். சமையலறையில் மனைவி குழாயிடம், "அதெல்லாம் பொறுப்பா குடுத்தாச்சு" என்றாள். சாயங்காலம் அவள் கதவிடம், "பால் வாங்கணும், கால் இருக்கறவங்க போகலாம்" என்றாள். அவர் செருப்பிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். டாக்டர் சொன்னபடி நடக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே திருப்தி. படித்த டாக்டர் பாவம், வீட்டில் மின்விசிறி, குழாய், கதவு எல்லாம் இருக்கும் என்பதை மறந்துவிட்டார்.

இப்படி இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் காலை மாஸ்டர் சுவரைப் பார்த்து, "என் கறுப்புப் பெல்ட்டை யாரு எடுத்து வச்சாங்களோ" என்றார். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் அது அங்கே போய்ச் சேரவில்லை. மாஸ்டர் இன்னும் உரக்கச் சுவரிடம் கேட்டார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பாப்பா எழுந்து வந்தாள். தலை கலைந்து, கண் பாதி மூடி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, அப்பா பெல்ட் கேக்கறாங்க."

சொல்லிவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றாள். குளிக்க எழாதவள், சாப்பிட எழாதவள், இதற்கு எழுந்து வந்திருந்தாள். மனைவி மிக்ஸியை நிறுத்தினாள். மாஸ்டர் ஹாலில் நின்றபடி மகளின் முதுகைப் பார்த்தார். சட்டைக்குள் தோள் எலும்பு தெரிந்தது.

அவர் அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். ஏழு வருஷமாக மனைவி இருக்கும்போது அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"பெல்ட் எங்க இருக்கு?" என்றார்.

"கதவுக்குப் பின்னாடி" என்றாள் அவள்.

அவ்வளவுதான். கூரை இடிந்து தலையில் விழவில்லை. இதற்கா ஏழு வருஷம் என்று மாஸ்டருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பேசினார்கள். பேச்சு என்றால் பெரிய பேச்சு இல்லை. "மாத்திரை?" "ஆச்சு." "டாக்டர்?" "வியாழக்கிழமை." மனைவி அலுவலகத்தில் லீவு போட்டாள்; அவள் போக வேண்டிய நாளில் இவர் வகுப்பைத் தள்ளிவைத்து வீட்டில் இருந்தார். மகளைத் திட்டுவதை நிறுத்தினார். வாய்வரை வரும், தரையை ஒரு மிதி மிதித்து விழுங்குவார். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவதையே விட்டுவிட்டார்.

மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மாஸ்டர் பாப்பாவின் அறை ஜன்னலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஸ்டூலில் ஏறி, முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஹாலில் போய் நாற்காலியில் சாய்ந்து முனகினார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"போன வருஷம் தைலம் வாங்கி வைக்கத் தெரிஞ்சுது. இப்ப நேர்ல பேச ஆரம்பிச்சதும் அந்த அக்கறைகூடப் போயிடுச்சு."

"தைலமா? நானா?"

"நீதான். ரெண்டு நாள் படுத்து எழுந்திருக்கச் சொல்லு, வண்டி ஓடிப்போயிடாதுன்னு சொல்லி அனுப்பினியே."

"நான் அப்படிச் சொல்லல. காலைல வண்டியைத் தூக்கிக்கிட்டுச் சுத்தினா முதுகு பிடிக்காம என்ன செய்யும்னு சொல்லு, அப்படின்னுதான் சொன்னேன்."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி கையில் இருந்த துணியை மடிக்காமல் வைத்திருந்தாள்.

"அப்ப, அந்த நீலச் சால்வை?" என்று அவள் கேட்டாள்.

"எந்த நீலச் சால்வை?"

"அது போட்டா எனக்கு எடுப்பா இருக்குன்னு நீங்க சொன்னதா வந்து சொன்னா. அதை நம்பி ரெண்டு குளிர்காலம் அதையே போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன்."

மாஸ்டருக்கு அப்படி ஒரு சால்வை இருப்பதே தெரியாது. அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு, நாற்சந்தியில நடந்த அன்னைக்கு, நான் பெட்டியைக் கட்டிட்டேன். தெரியுமா உங்களுக்கு?"

"பெட்டியா?"

"எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவளை அனுப்பினேன். நீங்க கீழ காரைத் துடைச்சிட்டிருந்தீங்க. போயிட்டு வந்து, 'அப்பா அழறாங்க, தப்பு அவங்க மேலதானாம், உன்னைப் போக வேணாம்னு சொல்லச் சொன்னாங்க, நேர்ல சொல்ல வெக்கமா இருக்காம்'னு சொன்னா. அதைக் கேட்டுத்தான் பெட்டியைப் பிரிச்சேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் இந்த வீட்ல இருக்கேன்."

மாஸ்டருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வாளியில் தண்ணீர் வைத்துச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாப்பா வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். 'என்ன?' என்று எரிந்து விழுந்தார். 'ஒண்ணும் இல்லப்பா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாடிப்படி ஏறி வருவதற்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக ஒரு அப்பாவைச் செய்து கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். அன்று சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அந்த அப்பாவையும் அவருக்கு ஏற்ற ஒரு அம்மாவையும் ஏழு வருஷம் தினமும் செய்து செய்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் போதாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ என்கிட்ட ஒண்ணுமே சொல்லல" என்றார் மாஸ்டர்.

"அப்ப நீங்க அழவும் இல்ல."

"இல்ல."

"தப்புன்னும் சொல்லல."

மாஸ்டருக்கு இங்கே ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. சொன்னேன், மறந்துவிட்டேன் என்று சொன்னால் எல்லாம் தீர்ந்தது. ஆனால் பொய் சொல்வதற்குத்தான் இந்த வீட்டில் ஒருத்தி இருந்தாளே, அவள்தான் உள்ளே எழ முடியாமல் கிடக்கிறாளே. வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அவர் அதைத் தூக்கினார்.

"சொல்லல. இப்பச் சொல்றேன். ரெண்டு பசங்க முன்னாடி உன்னை அப்படிப் பேசினது தப்பு. மாடு கீடுன்னு சொன்னது தப்பு. போதுமா?"

"போதுமான்னு ஏன் கேக்கறீங்க? மன்னிப்புக் கேக்கறதுலயும் ஒரு அதட்டல்."

"பின்ன எப்படித்தான் கேக்கணும்? எனக்கு வந்த மாதிரிதானே கேக்க முடியும்? நீ மட்டும் என்ன, ஏழு வருஷம், ஒரே ஒரு நாள் நீயா வந்து ஏன்டான்னு கேட்டிருக்கலாம்ல?"

"நான் ஏன் கேக்கணும்? நீங்கதான் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுட்டீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேனே."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்கலாம்னுதான் இருந்தேன். நேர்ல வந்து சொன்னா மன்னிக்கலாம்னு இருந்தேன்."

"வந்து சொல்லுன்னு சொல்லி அனுப்பறதுக்கு என்ன?"

"அனுப்பினேனே. நூறு தடவை அனுப்பினேன். அவ அதை என்ன பண்ணினாளோ."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மனைவி அழுதுகொண்டே கத்தினாள். மாஸ்டர் கத்திக்கொண்டே, அழுகை வருகிறதே என்ற ஆத்திரத்தில் இன்னும் கத்தினார்.

அந்தச் சண்டையோடு பாப்பாவுக்குக் குணமாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகும் எழாத நாட்கள் நிறைய இருந்தன. மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கல்லூரியில் அந்த வருஷம் போனது போனதுதான். பெற்றவர்கள் பேசிவிட்டால் பிள்ளையின் நோய் ஓடிவிடும் என்றால் டாக்டர் எதற்கு? ஆனால் அன்று நடந்ததை மட்டும் மாஸ்டர் இன்றுவரை மறக்கவில்லை.

சத்தத்தின் நடுவே அறைக் கதவு திறந்தது. பாப்பா வாசலில் நின்றாள். இரண்டு பேரும் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். எவ்வளவு கேட்டாளோ, எதுவரை கேட்டாளோ தெரியவில்லை. செய்து வைத்ததெல்லாம் உடைந்துபோனது அவளுக்கு எப்படி இருக்குமோ என்று மாஸ்டர் பயந்தார். மனைவி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "பாப்பா, உங்கப்பாகிட்டச் சொல்லு" என்று ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாப்பா சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் மாஸ்டர் அதுவரை பார்த்தே இராத ஒன்று இருந்தது. எரிச்சல். காலையில் வரும் முதல் ஆளுக்குக் கிளட்சைச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் முகத்தில் இருக்குமே, அச்சு அசல் அதே எரிச்சல்.

"ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்கறீங்களா?" என்றாள். "எனக்குப் பசிக்குது."

வேறொரு நாளாக இருந்திருந்தால், பெற்றவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று மாஸ்டர் எகிறியிருப்பார். இப்போது மனைவி பக்கம் திரும்பினார்.

"அவளுக்குப் பசிக்குதாம்" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள் அவள். மடியில் இருந்த துணியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நின்னுக்கிட்டே இருக்காம தட்டை எடுத்து வைங்க."